பேர் மாறுனதுக்கு அப்புறம் வெளிநாட்டு நர்ஸ் லைசென்ஸ்: காரைக்குடி பக்கத்து ஆளுங்க அனுபவம் சொல்லுங்க

கண்டனூர் கவிதா

ரொம்ப நாளா மனசுலயே கிடக்கு, எழுதிடுறேன். அமெரிக்கா நர்ஸ் லைசென்ஸ் பரிட்சை என்கிளெக்ஸ் எழுத சென்னை போயிருந்தேன். ஏடிடின்னு பரிட்சை எழுத அனுமதி வந்து தேதி போட்டாச்சு, முத நாளே பல்லவன்ல போயி எக்மோர் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியாச்சு. காலையில சென்டர்ல ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்துச்சு, திரும்பவும் பாத்துச்சு. அப்புறம் சர்நேம் இருக்கிற வரிக்குக் கீழ விரலை வச்சுக்கிட்டே மானிட்டரை என் பக்கம் திருப்பி "மேடம், இதுல வேற பேர் இருக்கு"ன்னு சொல்லுது. நெயில் பாலிஷ் பாதி உரிஞ்ச அந்த விரல் இன்னும் கண்ணுல நிக்குது. ஸ்க்ரீன்ல எங்க அப்பா பேரு, பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரு. பாஸ்போர்ட் மாத்துனதை ஏஜென்ட்டுக்கு மெயில்லயும் வாட்ஸப்லயும் அனுப்பியிருந்தேன், அவரு சர்டிபிகேட்ல இருக்கிற பழைய பேர்லயே ரெஜிஸ்டர் பண்ணி வச்சிருக்காரு.

மேரேஜ் சர்டிபிகேட் இருக்குன்னு எடுத்துக் குடுத்தேன். ஜெராக்ஸ் ஆகாது மேடம், இங்கிலீஷ்ல இருக்கிற ஒரிஜினல் வேணும்னாங்க. ஒரிஜினல் அட்டஸ்டேஷனுக்குன்னு அதே ஏஜென்ட் கிட்டதான் திருச்சில கிடக்கு! அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல, அது பாவம் தண்ணி பாட்டில் குடுத்து உக்காருங்கன்னுச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி உள்ளங்கைய ஸ்கேன் பண்ணுவாங்கன்னு எழுதிட்டு வந்தவங்க சொல்லியிருந்தாங்க, நான் அது வரைக்கும் போகவே இல்ல. பரிட்சை ஃபீஸ் 200 டாலர், இந்தியால எழுதுறதுக்குன்னு தனியா 150 டாலர், எல்லாம் போச்சு. வெளிய வந்தா வீட்டுக்காரர் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாரு, "என்னடி அதுக்குள்ள முடிஞ்சிருச்சா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு.

இந்த மாதிரி பேர்ல மாட்டுனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பள்ளத்தூர் விசாலம்

கவிதா உங்களுக்காச்சும் கல்யாணத்துல பேர் மாறுச்சு, எனக்கு மாறாத பேரே பிரச்சனை பண்ணுச்சு. நாங்க நகரத்தார், எங்க இனிஷியல் எப்பவுமே ரெண்டெழுத்துதான், எங்க அப்பச்சி, அதான் அப்பா, பேரு ராமநாதன், அதுக்கு 'ஆர்எம்'னு சேத்து எழுதி ஒரே ஒரு புள்ளி. ராமன்ல ஆரம்பிச்சா ஆர்எம், அழகப்பனா இருந்தா ஏஎல், இது செட்டிநாட்டுல எல்லாருக்கும் தெரியும், பத்தாவது மார்க் ஷீட்லயும் அப்படியேதான் இருக்கு. நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷன்ல யாரோ டைப் பண்றப்ப ஆர் ஒரு புள்ளி, எம் ஒரு புள்ளின்னு தனித்தனியா பிரிச்சுட்டாங்க, நாங்க யாருமே அதைப் பெரிசா நினைக்கல. பாஸ்போர்ட்ல ராமநாதன்னு முழுசா இருக்கு.

ஆஸ்திரேலியாவுக்குப் போட்டப்ப வெரிஃபிகேஷன்ல இருந்து மெயில் வருது, ஆர்னா என்ன எம்னா என்ன, ரெண்டையும் விரிச்சு எழுதி ஆதாரம் அனுப்புங்கன்னு. நான் நைட் ட்யூட்டி முடிச்சு வந்து வளவுல, அதான் வீட்டு உள் முத்தத்துல, உக்காந்து ஃபோன்ல அதைப் படிச்சுக் காட்டுறேன். அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு "எம்முக்கு எங்க போறது ஆத்தா, எனக்கு ஒரு பேருதானே"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அப்பறம் பாத்தா பெட்டகத்துல இருந்து ஐயாவோட, அதான் அப்பச்சியோட அப்பாவோட, பழைய கணக்கு நோட்டை எடுத்துட்டு வாறாக. ஐயா பினாங்குக்குக் கொண்டு விக்க, அதான் வட்டித் தொழிலுக்கு, போனவுக. விலாசம்னு வெறும் இனிஷியல் எழுத்துதான் அதுல இருக்கும், முழுப் பேரே இருக்காது, அந்த எழுத்தைப் பாத்தே கடல் தாண்டி பணம் குடுத்திருக்காக. "இதை அனுப்பலாமா"ன்னு கேட்டாக பாருங்க, நான் என்ன பதில் சொல்லுவேன். அதான் எனக்கு இன்னிக்கி வரைக்கும் உறுத்துது, லைசென்ஸ் வந்தது கூட அம்புட்டா ஞாபகம் இல்ல.

கடைசில நோட்டரி அஃபிடவிட், அப்பச்சி ஆதார், ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் லெட்டர் மூணையும் வச்சு சரியாச்சு.

தேவகோட்டை தெய்வானை

எல்லாம் படிச்சேன். கவிதாம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எதுக்கு பாஸ்போர்ட்ல பேரை மாத்துனீங்க? கல்யாணம் ஆனா வீட்டுக்காரர் பேரைச் சேக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. என் பாஸ்போர்ட்ல இன்னும் எங்க அப்பா பேருதான், ஸ்பௌஸ்னு இருக்கிற கட்டத்துல அவரு பேரு தனியா இருக்கு, சவூதி லைசென்ஸ்ல ஒரு கேள்வி வரல. படிச்ச பிள்ளைக நீங்களே இப்படி மாத்துனா அப்புறம் ஆபீஸ்காரன் கேக்கத்தான் செய்வான். நான் நர்சிங் பிள்ளைகளுக்கு எல்லாம் இதைத்தான் சொல்றது, தாலி ஏறுனா ஏறட்டும், ரெஜிஸ்டர்ல இருக்கிற பேரைத் தொடாதீங்க.

கண்டனூர் கவிதா

தெய்வானைக்கா, நான் ஆசைப்பட்டு மாத்தல. என் பழைய பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி, வெறும் கவிதா. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு. வீட்டுக்காரர் அப்ப துபாய்ல இருந்தாரு. 2022 நவம்பர்ல ஒத்தைப் பேரு இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு யுஏஇ காரங்க சொல்லிட்டாங்க, நானும் பாப்பாவும் போறதுக்கு டிக்கெட் போட்டிருந்த நேரம் அது. மதுரைக்குப் போயி சர்நேம் சேத்து வாங்கிட்டு வந்தேன். சேக்காம இருந்தா பாப்பா அவங்க அப்பாவைப் பாக்க இன்னும் எத்தன நாள் ஆகியிருக்கும்? உங்களுக்குக் கேள்வி வரலன்னா எல்லாருக்கும் வராதுன்னு எப்படிக்கா சொல்றீங்க.

புதுவயல் செந்தில்

பொம்பளைங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க சிஸ்டர்ஸ். எங்க அப்பா எண் கணிதம் பாத்து என் பேர்ல இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூடச் சேக்கச் சொன்னாரு, முறைப்படி கெஜட்லயும் போட்டாச்சு, ஆதார் பாஸ்போர்ட் எல்லாம் புதுப் பேருதான். கத்தாருக்கு டேட்டாஃப்ளோ போட்டேன், சர்டிபிகேட் சரிபாக்கிற கம்பெனி. அவங்க நாம குடுக்கிற பேப்பரை நம்ப மாட்டாங்க, காலேஜுக்கும் கவுன்சிலுக்கும் வேலை பாத்த ஆஸ்பத்திரிக்கும் அவங்களே நேரா கேப்பாங்க, உங்களுக்குத் தெரியும். மதுரைல ஒரு ஆஸ்பத்திரில ஐசியூல வேலை பாத்தேன், முக்காவாசி நைட்டுதான். அங்க இருந்து பதில் போயிருக்கு: இந்தப் பேர்ல யாரும் இங்க வேலை பாக்கல.

அந்த ஒரு வரியை ரிப்போர்ட்ல பாத்துட்டு பஸ் ஸ்டாண்ட்லயே உக்காந்துட்டேன். கொரோனா டைம்ல அந்த ஐசியூல என் கைல எத்தன பேர் போனாங்க, எத்தன பேர் எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போனாங்க. யாரும் வேலை பாக்கலயாம்.

நேர்ல போனா ஹெச்ஆர்ல எல்லாம் புது ஆளுக, கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு இல்லங்கன்னுட்டாங்க. அப்புறம் ரிட்டயர்டு மேட்ரன் மேடம் வீட்டுக்குப் போனேன். அவங்க ஒரு வார்த்தை பேசல, சேலை மாத்திட்டு என் வண்டில பின்னாடி ஏறி வந்து ரெக்கார்டு ரூம்ல பழைய ட்யூட்டி ரோஸ்டரைத் தூசி தட்டி எடுத்து ஒவ்வொரு பக்கமா என் பழைய பேரைப் பென்சில்ல சுழிச்சாங்க. அவங்க கையெழுத்துதான் அதுல பூராவும். ஹெச்ஆர் பையன் அதைப் பாத்துட்டு அன்னிக்கே திருத்தி மெயில் போட்டான். மேடத்துக்கு நான் என்ன செஞ்சாலும் போதாது.

லெஸ்டர் தேனம்மை

நான் கானாடுகாத்தான், இப்ப இங்கிலாந்துல பேண்டு சிக்ஸ் கிரேடு நர்ஸ். என் கதை சின்னதுதான். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் என்எம்சிக்கு மேரேஜ் சர்டிபிகேட் வேணும்னு சொன்னப்ப எங்க மாமியார் இசைகுடிமானத்தை, அதான் எங்க நகரத்தார் கல்யாண ஒப்பந்த ஓலையை, எடுத்துட்டு வந்து குடுத்தாக, ரெண்டு பக்கத்து ஆளும் கையெழுத்துப் போட்டது, எங்க கோயில் குடும்பக் கணக்குலயும் புள்ளியா ஏத்தியிருக்கு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேட்டாக. அவுகளுக்கு அதை விடப் பெரிய பத்திரம் கிடையாது, ஆனா அதை லண்டன்ல வச்சு என்ன செய்ய. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சதுதான் செல்லும். தமிழ்நாட்டுல 2009 சட்டத்துக்கு அப்புறம் எந்த மதமா இருந்தாலும் கல்யாணத்தைப் பதிவு பண்ணியே ஆகணும், இருந்தாலும் நம்ம பக்கம் மண்டபத்துக்குக் குடுக்கிற கவனத்தை அதுக்குக் குடுக்கிறது இல்ல.

இப்ப எல்லாரும் கேட்டுக்கங்க, யாரும் கேக்கலன்னாலும் சொல்றேன், ஏன்னா மாசா மாசம் யாராச்சும் இதே கேள்வியோட எனக்கு ஃபோன் பண்றாங்க. பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, எம்ஜிஆர் யுனிவர்சிட்டி டிகிரி, இதுல எல்லாம் கை வைக்க அலையாதீங்க, அது அந்தப் பேர்ல படிச்சதுக்கு அத்தாட்சி, அப்படியே இருக்கட்டும். மாத்த வேண்டியது இப்ப உயிரோட இருக்கிற பேப்பரைத்தான். கல்யாணத்துல மாறுன பேரா இருந்தா பதிவுச் சர்டிபிகேட், செந்தில் தம்பி மாதிரி எழுத்து மாத்துனதா இருந்தா கெஜட், அதை அண்ணா சாலைல இருக்கிற எழுதுபொருள் அச்சுத் துறைலதான் போடுவாங்க. அது கைக்கு வந்ததும் நேரா நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்டர்ல பேரைத் திருத்தப் போடுங்க, அதுக்கு அப்புறம்தான் எந்த நாட்டுக்கும் வெரிஃபிகேஷன் அனுப்பச் சொல்லணும். நிறையப் பேர் அவசரத்துல வெரிஃபிகேஷனை முதல்ல அனுப்பிடுறாங்க, அது பழைய பேர்ல போயி உக்காந்துக்கும், அதைத் திரும்ப எடுக்கிறது பெரும்பாடு. ஆதாரையும் பாருங்க, இந்தியன் நர்சிங் கவுன்சில் குடுக்கிற என்யுஐடி நம்பர் ஆதாரை வச்சுத்தான் வரும். இங்கிலீஷ் பரிட்சை ஐஇஎல்டிஎஸ், ஓஇடி ரெண்டுக்கும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேர்லதான் பதியணும், என்எம்சிக்கு அந்த ஸ்கோர் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால பேர் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு இங்கிலீஷ் எழுதுங்க. முதல்ல எழுதிட்டு பேருக்கு அலைஞ்சா ஸ்கோர் காலாவதி ஆயிடும், என் கூடப் படிச்ச பிள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு, திரும்ப காசு கட்டி உக்காந்தா. அமெரிக்காவுக்குப் போறவங்க சர்டிபிகேட் சரிபாக்கிற இடத்தை சிஜிஎஃப்என்எஸ்னு தேடுவீங்க, 2025ல இருந்து அதுக்கு ட்ரூமெரிட்னு பேரு, பயந்துறாதீங்க, அதே ஆளுங்கதான். கவிதாவுக்குத் திரும்பவும் சொல்றேன், ஒரிஜினலை எந்த ஏஜென்ட் கிட்டயும் விட்டு வைக்காத. அட்டஸ்டேஷனுக்குக் குடுத்தா எப்ப வரும்னு எழுதி வாங்கு. அக்கவுண்ட் எல்லாம் உன் மெயில் ஐடில, உன் பாஸ்வேர்டுல இருக்கணும், ஏஜென்ட் மெயில்ல இருந்தா உன் பேரு என்னன்னு அவன்தான் முடிவு பண்ணுவான்.

தெய்வானை அக்கா, நீங்க சொல்றது சட்டப்படி சரிதான், ஆனா பிள்ளை அழுதுக்கிட்டு வந்து சொல்றப்ப ஏன் மாத்துனன்னு கேக்குறது எனக்குச் சரியாப் படல.

தேவகோட்டை தெய்வானை

நான் திட்டணும்னு சொல்லல தேனம்மை. எங்க அண்ணன் மக இதே மாதிரி ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்திருந்தா, அந்த ஆத்தாமைலதான் கேட்டுட்டேன். துபாய் விஷயம் எனக்குத் தெரியாது கவிதா. சர்நேம் காலியா இருந்தா அப்பா பேரைப் போட்டிருக்கலாம்னு இப்பவும் தோணுது, ஆனா முடிஞ்சதைப் பேசி என்ன.

காளையார்கோவில் ஸ்டெல்லா

எனக்கு சர்ச்ல கல்யாணம், அந்தக் கல்யாண சர்டிபிகேட்ல ஞானஸ்நானப் பேரு மேரின்னு முன்னாடி சேத்து எழுதிட்டாங்க, வேற எந்த சர்டிபிகேட்லயும் மேரி கிடையாது. இப்ப ஐயர்லாந்துக்குப் போடலாம்னு இருக்கேன். அஃபிடவிட் போட்டாப் போதுமா, இல்ல கெஜட்டே போடணுமா? விசாலம் ஆச்சி, நீங்க அஃபிடவிட்ல என்ன எழுதுனீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும்.

பள்ளத்தூர் விசாலம்

ஸ்டெல்லா, நீங்க பேரை மாத்தவே இல்லையே, ஒரே ஒரு பேப்பர்ல கூட ஒரு பேரு ஏறியிருக்கு, அவ்வளவுதான். முதல்ல சர்ச்சுல ஃபாதரைப் பாத்து ரெஜிஸ்டர்ல திருத்தித் தர முடியுமான்னு கேளுங்க. முடியலன்னா அஃபிடவிட் போட்டுட்டு, ஐயர்லாந்து நர்சிங் போர்டுக்கு மெயில்ல கேட்டுக்கங்க, அவங்க எழுத்துல சொல்ற பதில்தான் செல்லும், எங்க பேச்சை வச்சு முடிவு பண்ணாதீங்க. எனக்கு எழுதுனது இவ்வளவுதான்: இந்தப் பேரு இந்த சர்டிபிகேட்ல இப்படி இருக்கு, அந்த சர்டிபிகேட்ல அப்படி இருக்கு, எல்லாமே ஒரே ஆளான என்னைத்தான் குறிக்கும்னு. நோட்டரிகிட்ட போறதுக்கு முன்னாடி எல்லா சர்டிபிகேட்டையும் பாய்ல பரப்பி வச்சு, ஒவ்வொண்ணுலயும் பேரு எப்படி இருக்கோ அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, புள்ளி இருந்தா புள்ளியோட, இடம் விட்டிருந்தா இடம் விட்டு. டைப் அடிக்கிறவர் தானாத் திருத்திடுவாரு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. எனக்கு முதல்ல அடிச்சுக் குடுத்ததுல ஆர்எம்மை அவரும் ரெண்டாப் பிரிச்சுத்தான் வச்சிருந்தாரு, அங்கயே நின்னு வேற அடிக்கச் சொல்லி வாங்குனேன்.