மெயிலில் வந்த உறுமி மேளப் பதிவு ஐபோனில் திறக்கவில்லை

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): தோட்டத்துக் கோயில் திருவிழாப் பதிவு, கோப்புப் பெயரின் கடைசியில் டபிள்யூஎம்ஏ என்று இருக்கிறது. தொட்டால் வெறும் பெயர்தான் தெரிகிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பதில்: தம்பி, அது விண்டோஸ் வடிவம், ஐபோன் தானாகப் பாடாது. ஆப் ஸ்டோரில் விஎல்சி என்கிற பிளேயர் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மெயிலில் கோப்பை அழுத்திப் பிடித்து, ‘ஷேர்’ போய், விஎல்சியைத் தேர்ந்தெடுங்கள். பெயரை மட்டும் எம்பி3 என்று மாற்றாதீர்கள். உள்ளே இருப்பது மாறாது.

இன்னொரு பதில்: முதலில் கோப்பு முழுசாக இறங்கியதா பாருங்கள். தோட்டத்துக்குள் லைன் மந்தமென்றால் பாதியில் நின்றுவிடும். வைஃபையில் மறுபடி இறக்குங்கள்.

முதல் பதில் சொன்னவர்: அனுப்பியவரையே கணினி விஎல்சியில் எம்பி3 ஆக மாற்றித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. மேளத்துக்கு ஒலித் தரத்தை 128 கேபிபிஎஸ் வையுங்கள், கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி (மெகாபைட்) வரும். ஜிமெயிலில் 25 எம்பி தாண்டினால் கூகுள் டிரைவ் லிங்க்காகத்தான் போகும். பார்க்கும் அனுமதியை அவர் திறந்துவிட வேண்டும்.