மூக்கு ஸ்ப்ரேயா, நொச்சி ஆவியா? பெங்களூரு தும்மல்காரர்கள் வாருங்கள்

ஒயிட்ஃபீல்டு_வாசி
மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தாலே எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீர், மேலண்ணத்தில் அரிப்பு. காய்ச்சல் கிடையாது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்து, சீசன் முடியும்வரை தினமும் போடச் சொன்னார். ஓசூரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பாட்டிலைப் பார்த்ததும், "மாப்பிள்ளை, இது ஸ்டீராய்டு. பழகிட்டா விடாது. நொச்சி ஆவி பிடிங்க, போதும்" என்கிறார். பாட்டில் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

நொச்சிக்காடு
மாமியார் பேச்சைக் கேளுங்க. நொச்சித் தழையை ஒரு கைப்பிடி உருவிப் போட்டு, கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்குங்க. போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிந்தால் முதலில் தழையின் காரம் கண்ணில் ஏறும். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் அடைத்த பக்கம் மெல்லத் திறந்து, சளி இளகி வரும். எந்த ஸ்ப்ரேக்கும் அந்தச் சுகம் கிடையாது.

என் நண்பர் ஒருவர் மூக்கு மருந்துக்குப் பழகி, இப்போது அது இல்லாமல் தூங்கவே முடியவில்லை. தலையணை அடியில் ஒன்று, காரில் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று. அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம். இந்த ஊரில் ரோடு ரோடாகத் தபேபுயா பூமரம் நட்டு வைத்ததன் பலன் எல்லாம் நம் மூக்கில்தான் வந்து முடிகிறது.

அல்சூர்_மருந்துக்கடை
நண்பர் போட்டது எந்த மருந்து என்று கேட்டுச் சொல்லுங்க சார். சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் சொட்டாகத்தான் இருக்கும். அது மூக்குக்குள் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் அடைப்பை எடுத்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் முன்பைவிட மோசமாக அடைக்கும். மறுபடி போடுவார், மறுபடி அடைக்கும். என் கடைக்கு இந்த ஒரு சொட்டுக்காக மட்டுமே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் எல்லாம் வேறு ரகம். இவை உடனே வேலை செய்யாது. தினமும் போட்டு வந்தால் சில நாளில் அழற்சி அடங்கும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோனில் ரத்தத்தில் போய்ச் சேருவது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஊசியாகவும் மாத்திரையாகவும் போகும் ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்துப் பயப்படுவது நியாயமில்லை. விட்டால் மூக்கு அடம்பிடிக்காது, அலர்ஜி இருந்தால் அதுதான் திரும்ப வரும். அதற்காக எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மூக்கு காய்ந்து ரத்தம் கசியும். குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் போட்டால் டாக்டர் வளர்ச்சியைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

போடும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து, நேராக அடித்து, 'உர்ர்' என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைக் கொஞ்சம் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், நுனியை நடு எலும்புப் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். மூச்சு லேசாக இழுத்தால் போதும்.

லால்பாக்_நடை
தபேபுயாவைத் திட்டாதீங்க. பெரிய பூ, பளிச்சென்ற நிறம், தேனீயை வரவழைக்கும் வகை. அந்த மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் பறக்காது. நம் மூக்கை ஆட்டிப் படைப்பவை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத பூக்கள்தான்: புல் வகைகள், காலி மனைகளில் இடுப்பளவு நிற்கும் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1950களில் இந்தியாவில் கண்ணில் பட்டது. மழைக்குப் பின் ஒயிட்ஃபீல்டு பக்கம் எந்தக் காலி மனையைப் பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பூ. அதைக் கையால் பிடுங்கப் போய்த் தோலிலும் அலர்ஜியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

நொச்சிக்காடு
மருந்துக்கடைக்காரர் மருந்துக்குத்தான் பேசுவார், சரி. என் அக்கா மகனுக்கும் இதே அலர்ஜிதான். மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி அலறிக்கொண்டு எழுவான், பகலெல்லாம் சிடுசிடுப்பு. நிறுத்தியதும் பழையபடி ஆனான். இதற்கு என்ன பதில்?

அல்சூர்_மருந்துக்கடை
அந்த மாத்திரை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதற்குக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தது. ஆஸ்துமா இல்லாத வெறும் மூக்கு அலர்ஜிக்கு, மற்ற மருந்து கேட்காதபோதுதான் தர வேண்டும் என்றும் சொன்னது. இங்கே லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகச் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு உள்ளே இரண்டு மருந்து இருப்பதே தெரியாது. ஆனால் அதை வைத்து ஸ்ப்ரேயைக் குற்றம் சொல்ல முடியாதே.

ஜெயநகர்_அத்தை
தினம் செட்ரிசின் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டும் பிள்ளைகளே, அது சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். பழைய குளோர்ஃபெனிரமின், அவில் ரகம் இன்னும் மோசம். ஃபெக்சோஃபெனடினில் தூக்கம் குறைவு, ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு போடுங்கள்.

அப்புறம், தும்மலோடு நெஞ்சில் வீசிங் சத்தம் இருந்தால் ஆவியும் வேண்டாம், இந்த விவாதமும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். சளி என்று வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்களே, அந்தப் புகையே பாதிப் பேருக்கு எமன்.

நொச்சிக்காடு
உள்ளூர்த் தேன் ஒரு ஸ்பூன் தினமும் சாப்பிட்டால் மகரந்தத்துக்கு உடம்பு பழகும் என்கிறார்களே, அதாவது சரியா?

லால்பாக்_நடை
தேனில் இருப்பது தேனீ தேடிப் போன பூவின் மகரந்தம். உங்களைத் தும்ம வைப்பது காற்றில் வரும் புல் மகரந்தம். இவனுக்குக் காய்ச்சல், அவனுக்குக் கஷாயம்! ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. மகரந்தத்துக்கு உடம்பைப் பழக்க முறையான சிகிச்சை இருக்கிறது, 1911இலேயே லண்டனில் லியோனார்ட் நூன் என்ற டாக்டர் தொடங்கி வைத்தது. மூன்று முதல் ஐந்து வருஷம் பிடிக்கும், சோதனை செய்து எதற்கு அலர்ஜி என்று தெரிந்த பிறகுதான்.

அல்சூர்_மருந்துக்கடை
வீட்டு வைத்தியத்தில் நான் தயங்காமல் சொல்வது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. ஒட்டியிருக்கும் மகரந்தமும் தூசியும் வெளியே வந்துவிடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்தே ஊற்ற வேண்டும். டேங்கர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது, அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகலாம். ஆர்.ஓ. தண்ணீரும் கிருமி நீக்கியது ஆகாது.

ஒயிட்ஃபீல்டு_வாசி
ஸ்ப்ரேயும் போட்டு, மாமியார் மனசுக்காக ஆவியும் பிடித்தால் தப்பா? நொச்சி இங்கே எங்கே கிடைக்கும்?

ஜெயநகர்_அத்தை
கே.ஆர். மார்க்கெட்டில் தழைக்காரம்மாவிடம் 'லக்கி சொப்பு' என்று கேளுங்கள். அடுப்பில் பாத்திரம் இருக்கும்போது குனியாதீர்கள், கீழே இறக்கி வைத்த பிறகு மட்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், கொட்டிக்கொண்டால் வெந்துவிடும்.

அல்சூர்_மருந்துக்கடை
தப்பில்லை. ஆவி அந்த நேரத்துக்கு அடைப்பை இளக்கும், அலர்ஜியை அடக்காது, அவ்வளவுதான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆவி, அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்ப்ரே. மருந்தைப் போட்டுவிட்டுக் குனிந்தால் எல்லாம் ஒழுகிப் போகும்.

நொச்சிக்காடு
அதைத்தானே உங்க மாமியாரும் முதலிலிருந்தே சொல்றாங்க. முதலில் ஆவி.