கிணத்துக்குள்ள மிசின் இறக்கலாமோ?

விசுவமடு மிளகாய்:
எங்கட தோட்டக் கிணத்தில தண்ணி 35 அடிக்குக் கீழ போட்டுது. மேல வச்ச, எண்ணெயில ஓடுற தண்ணி இறைக்கிற மிசின் இழுக்குதில்லை. குழாய் அடியில பூட்டுற ஃபுட்வால்வ் புதுசு போட்டும் வெறும் காத்துத்தான் வருது. குறுக்க மரம் போட்டு மிசினை உள்ளுக்கு இறக்குவம் எண்டு மாமா நிக்கிறார். லாம்பு விட்டுப் பாத்து, அணையாட்டிப் பயமில்லையாம். மிளகாய் காய் பிடிக்கிற நேரம். என்ன செய்ய?

பழைய மிசின்காரன்:
தம்பி, இறக்காதேங்கோ. வால்வில பிழையில்லை. மிசின் தண்ணியை இழுக்கிறேல்லை, வெளிக்காத்து அமத்தித்தான் தண்ணி குழாயில ஏறுது. கணக்கில 33 அடி. தோட்டத்தில 25 வந்தாலே பெரிய காரியம்.

20 வருசம் இந்த மிசின்கள்தான் திருத்தினனான். ஒரு இறைப்புக் காலம், உள்ள இறக்கின மிசின் எண்ணெய் முடிஞ்சு நிண்டிட்டுது. ஊத்துவமெண்டு மூத்தவர் இறங்கினார். பாதி ஏணியில கை விட்டிட்டார். பிடிக்கப்போன தம்பிக்காரனும் அதில. நான் போகேக்க ரெண்டுபேரையும் பாயில கிடத்தியாச்சு. கிணத்துக்குள்ள தொங்கின லாம்பு மட்டும் எரிஞ்சபடி.

ஒட்சிசன் நல்லாக் குறைஞ்சால்தான் லாம்பு அணையும். மிசின் புகையில இருக்கிற காபனோரொட்சைட்டை அது காட்டாது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிக்கும். மிசினை நிப்பாட்டினாலும் காத்தோட்டமில்லாத கிணத்தில புகை நிக்கும். பெற்றோல் ஆவி இருந்தால் லாம்பே எமன்.

வவுனிக்குளத்தான்:
கொரோனாவுக்கு வாங்கின என்-95 மாஸ்க் கிடக்கு. அதைப் போட்டு இறங்கினால், ஐயா?

பழைய மிசின்காரன்:
அது தூசிக்கு. வாயுவை மறிக்காது. தீயணைப்புக்காரர் முதுகில காத்துச் சிலிண்டரும், முகத்தில இறுக்கின மூடியும், இடுப்பில கயிறும் போட்டுத்தான் இறங்குவினம். மேல நிக்கிறவர் இறங்காமலே தூக்கலாம். ஆரும் விழுந்தால் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990 அடியுங்கோ. பின்னால குதிக்காதேங்கோ, அந்தத் தம்பிக்காரன் அப்பிடித்தான் போனவன்.

தண்ணிக்குள்ள மூழ்கிற கரண்ட் மோட்டர் போடுங்கோ. அது கீழயிருந்து தள்ளும், புகையுமில்லை. கரண்ட் ஒழுகினால் தானே நிப்பாட்டுற றிப் சுவிச் கட்டாயம். கயிறு கட்டி மேலயிருந்தே இறக்கலாம்.

விசுவமடு மிளகாய்:
மாமாக்கு வாசிச்சுக் காட்டினன். கனநேரம் பேசேல்லை. வெட்டின மரம் பந்தலுக்கு எண்டிட்டார். தருமபுரம் பக்கம் மோட்டர் வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் இருக்கினமோ? ரெண்டு கிழமைக்குக் காணும்.