விக்கிப்பீடியாக்களின் வளர்ச்சியை எதை வைத்து ஒப்பிடுவது?

நண்பர்களே, தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், சுவீடிய விக்கிப்பீடியாக்கள் ஆண்டுவாரியாக எப்படி வளர்ந்தன என்று ஒப்பிட முயல்கிறேன். அளவுகோலில்தான் சிக்கல்.

கட்டுரை எண்ணிக்கையை நம்பவே முடியாது. பிலிப்பைன்ஸ் மொழியான செபுவானோ விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். பெரும்பாலானவை எல்எஸ்ஜேபாட் என்ற ஒரே தானியங்கி (தானாகக் கட்டுரை உருவாக்கும் நிரல்) எழுதியவை. சுவீடியத்திலும் அதன் கைவரிசை உண்டு. சரி, பைட் கணக்கில் அளக்கலாம் என்றால், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறிக்கு 3. 'கொ' என்று எழுதினாலே க, ொ என இரண்டு குறிகள், 6 பைட் போய்விடும். ஒன்றும் எழுதாமலே பெரிய ஆளாகிவிடுவோம்! சொல் எண்ணிக்கையும் உதவாது. தமிழில் ஒட்டி ஒரே சொல்லாக வருவது இந்தியில் இரண்டு மூன்றாகப் பிரிந்து நிற்கும்.

கட்டுரை எண்ணிக்கையோடு ஒப்பிட எவ்வளவு தொகுப்பு நடந்திருக்கிறது என்று காட்டும் 'ஆழம்' என்ற குறியீட்டில் தானியங்கித் தொகுப்புகளும் சேர்ந்துவிடுவதால் எனக்குத் திருப்தி இல்லை. மாதம் 5 தொகுப்பாவது செய்யும் பயனர் எண்ணிக்கைதான் இப்போதைக்கு நேர்மையாகத் தோன்றுகிறது. அதை அந்த மொழி பேசுவோர் தொகையால் வகுப்பதா, அவர்களில் இணையம் பயன்படுத்துவோர் தொகையால் வகுப்பதா?

விக்கிமீடியா டம்ப் கோப்புகளிலிருந்து (விக்கியின் தரவை மொத்தமாகப் பதிவிறக்கத் தரும் கோப்புகள்) தானியங்கி உருவாக்கிய கட்டுரைகளைப் பிரித்தெடுக்க யாரிடமாவது பைத்தான் நிரல் இருக்கிறதா? தானியங்கி என்று குறிக்கப்படாத கணக்குகள் மொத்தமாக ஏற்றியவற்றை எப்படிப் பிடிக்கிறீர்கள்? அப்புறம், எல்லா மொழிகளையும் ஒரே வரைபடத்தில் போட மடக்கை அளவு (log scale) சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.