மான் அடைப்புக்குள் நிழல் மரம் பிழைக்க என்ன வழி?

செம்மண்காடு:
சென்னைக்குப் பக்கத்தில் ஓர் உயிரியல் பூங்கா. புள்ளிமானும் கடமானும் சேர்ந்திருக்கும் ஒரு ஏக்கர் அடைப்பு. புயலில் சாய்ந்த குல்மோகர்களுக்குப் பதிலாக ஐப்பசியில் 20 புங்கன், வேம்பு வைத்தார்கள். ஆளுயர மூங்கில் கூண்டு போட்டும் 4 தான் மிச்சம். பெரிய மரங்களிலும் பட்டை உரிகிறது. எந்த மரம் வைக்கலாம், எப்படிக் காப்பது?

அகழிக்கரை:
ஆளுயரம் போதாது. கடமான் பின்னங்காலில் எழும்பினால் எட்டடிக் கிளையையும் வளைத்துவிடும். மூங்கிலைக் கொம்பாலேயே பிரித்துவிடும். 2 இஞ்சு ஜி.ஐ. பைப்பை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட்டு, 7 அடி உயரத்துக்கு வெல்டு மெஷ் கட்டுங்கள். தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 3 அடி தள்ளியிருக்க வேண்டும். வலைக்கண் 2 இஞ்சுக்கு மேல் வேண்டாம். 4, 6 இஞ்சுக் கண்ணில் கொம்பு நுழைந்து மாட்டினால் மான் மிரண்டு கழுத்தை முறித்துக்கொள்ளும். கம்பி முனைகளை உள்பக்கமாக மடக்குங்கள்.

தனித்தனிக் கூண்டைவிடத் தோப்பாக அடைப்பது மேல். 9 கன்றுக்குத் தனியாகக் கட்டினால் சுமார் 170 அடி வலை ஆகும். அதே ஒன்பதை 7 அடி இடைவெளியில் மும்மூன்றாக 20 அடிச் சதுரத்தில் வைத்தால் 80 அடி போதும். குளம்பு மிதித்து வேர்மண் இறுகுவதும் நிற்கும். பெரிய மரமானால் அடியைச் சுற்றி ஐந்தடிக்குத் தலையளவு கற்களைப் பரப்புங்கள், மான் அதில் கால் வைக்கத் தயங்கும்.

பட்டை உரிவதற்குப் பாதிக் காரணம் தீனி. மாசி முதல் பச்சை குறையும்போது ஆல், அரசு, அத்திக் கிளைகளைத் தினமும் வெட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள். உப்புக்கட்டியும் வையுங்கள். தண்டுக்கு வலை சுற்றினால் இரண்டு விரற்கடை விட்டுச் சுற்றி, வருடா வருடம் தளர்த்துங்கள். ஆணி அடிக்கவே கூடாது. பட்டை முழுவட்டமாக உரிந்த மரம் சில மாதம் பச்சையாகத்தான் நிற்கும், தண்ணீர் கட்டை வழியாக ஏறுவதால். ஆனால் இலை செய்யும் உணவு வேருக்கு இறங்காது. அந்தப் பச்சையை நம்பி அதை விட்டுவைக்காதீர்கள், வேர் செத்து ஒருநாள் மானின் மேலேயே சாயும்.

வீரைமரம்:
மர வகையைப் பற்றி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. அந்தப் பக்கத்து மண்ணுக்குரியது உலர் பசுமைமாறாக் காடு: வீரை, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை. இவற்றோடு நாவல், இலுப்பை, மகிழம். மெதுவாகத்தான் வளரும். ஆனால் குல்மோகர், இயல்வாகை போல முறியாது. மறுபடி குல்மோகர் வைப்பது வீண்வேலை.

கன்று வாங்கும்போது பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். பையின் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அதை வெட்டிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்தும் அதே சுருளோடு காற்றில் பெயர்ந்து விழும். குழி 3 அடிக் கனசதுரம். தண்டும் வேரும் சேருமிடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். முட்டுக்கோலைத் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டி, ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள்.

பச்சைஇலை:
அடைப்புக்கு வெளியேயும் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் அரளி வேலி இருந்தால் முதலில் அதைத் தோண்டி எடுங்கள். பார்வையாளர்கள் கைக்கு எட்டும் தழையைப் பிடுங்கி மானுக்கு நீட்டுவார்கள். அரளி சில இலைகளே இதயத்தை நிறுத்திவிடும், காய்ந்த இலையிலும் விஷம் குறையாது. மஞ்சள் அரளி, ஆமணக்கு, செங்காந்தள், உண்ணிச்செடியும் கூடாது. ஆல், அரசு வேர் அகழிச் சுவரைப் பிளக்கும், 10 மீட்டருக்குள் வைக்காதீர்கள்.

செம்மண்காடு:
நன்றி. நிழல் சீக்கிரம் வர சூபாபுல் வைக்கலாமா?

அகழிக்கரை:
வேண்டாம். அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, அதிகம் தின்றால் முடி உதிரும். விதை விழுந்து அடைப்பு முழுக்க முளைக்கும். தோப்பு வளரும்வரை மூங்கில் தட்டிப் பந்தல் போட்டு, மதிய வெயிலுக்கு எல்லா மானும் ஒதுங்க இடம் கொடுங்கள். ஒரே பந்தலானால் பெரிய ஆண்மான் மற்றதை விரட்டும், இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.