ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு சிங்கப்பூருக்கு வந்ததா? ஏன் நின்றுபோனது?

துறையூர்க்காரன்:
எங்கள் அப்பா 1979-இல் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். மூக்கு நீண்ட விமானம் ஒன்று பாய லேபார் விமான நிலையத்தில் இறங்கியதாகவும், அதில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று எழுதியிருந்ததாகவும் சொல்கிறார். கூட வேலை பார்த்த சித்தப்பாவோ அது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் என்று அடித்துச் சொல்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இதே பேச்சு. யார் சொல்வது சரி? அதை ஏன் நிறுத்தினார்கள்? அந்த மாதிரி விமானம் மறுபடி வரப்போகிறது என்கிறார்களே, நம்பலாமா?

பாயலேபார் மகன்:
தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இடது பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம், வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம் என்று ஒரே விமானத்துக்கு அடித்திருந்தார்கள். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று ஓட்டிய விமானம் அது.

என் அப்பா பாய லேபாரில் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தார். ஓடுபாதை விமானிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, இறங்கும்போது கான்கார்டு மூக்கைத் தாழ்த்தும். அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையை நீட்டி, விரல்களை மட்டும் மெல்ல மடக்கிக் காட்டுவார். எனக்கு விமானத்தின் மேல் ஆசை வந்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான்.

சேவை தொடங்கியது 1977 டிசம்பரில். மூன்று முறை போய் வந்ததோடு நின்றது. ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது எழும் வெடிச்சத்தம் மலாக்கா நீரிணைக்கு மேல் வேண்டாம் என்று மலேசியா மறுத்துவிட்டது. வழியை மாற்றி 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவும் தன் வான்வெளியில் ஒலியை மிஞ்சிப் பறக்க விடவில்லை. 1980 நவம்பரோடு முடிந்தது.

2000 ஜூலையில் பாரிஸ் அருகே 113 உயிர்களைப் பலிகொண்ட விபத்துதான் கான்கார்டை முடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதன் பிறகும் 2001-இல் பறக்கத் தொடங்கி 2003 வரை பறந்தது. என்னைக் கேட்டால் அதன் கதையை முடித்தது சத்தம்தான். ஒலியைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் வெடிப்பதாக நினைக்கிறோம். அப்படியில்லை. விசைப்படகு போனால் அலை கரையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போகுமே, அதுபோல வழி நெடுக இழுத்துக்கொண்டே வரும். 50,000 அடி உயரத்தில் பறந்தால் கீழே சுமார் 80 கி.மீ. அகலத்துக்குக் கேட்கும். 1973-இல் அமெரிக்காவும் தன் நிலத்துக்கு மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்கத் தடை போட்டுவிட்டது. கடைசியில் அட்லாண்டிக் கடல்தான் மிச்சம். பயணிகளை ஏற்றிப் பறந்த கான்கார்டுகள் 14 மட்டுமே.

ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, சத்தத்தை யார் அடக்குகிறார்கள் என்று பாருங்கள். நாசாவின் எக்ஸ்-59 என்ற சோதனை விமானம் 2025 அக்டோபரில் முதல் முறை பறந்தது. அதன் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மூக்குதான். விமானிக்கு முன்பக்கக் கண்ணாடியே கிடையாது, கேமரா திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும். வெடிச்சத்தத்தை, கார் கதவைச் சாத்தும் சத்தம் அளவுக்குக் குறைப்பதே நோக்கம். நான் நம்பிக்கை வைத்திருப்பது அதன்மேல்தான்.

வெப்பவியல் மாணவி:
அண்ணே, மாக் 5-க்கு மேல், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்குக்கு மேலான வேகத்தை, ஹைப்பர்சானிக் என்று பேசுகிறார்களே, அங்கே சத்தத்தோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. மாக் 2-இலேயே கான்கார்டின் மூக்கு 127 டிகிரி வரை சூடாகும். உடலே 15 செ.மீ.க்கு மேல் நீளும். விமானப் பொறியாளர் இருக்கைப் பக்கம், விமானம் தரையில் நிற்கும்போது விரல் நுழையாத இடுக்கு, பறக்கும்போது கை நுழையும் அளவுக்கு விரியும். அலுமினியம் அதற்கு மேல் தாங்காது. ஸ்ரீஹரிகோட்டாவில் 2016 ஆகஸ்டில் இஸ்ரோ சோதித்த ஸ்கிராம்ஜெட் (அதிவேகத்தில் உள்ளே பாயும் காற்றைக் கொண்டே எரிபொருளை எரிக்கும் எஞ்சின்) எரிந்தது 5 நொடி. அதுவே பெரிய வெற்றி. ஆளை ஏற்றி மணிக்கணக்கில் பறப்பதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

துறையூர்க்காரன்:
நன்றி அண்ணே, நன்றி தங்கச்சி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் இடது பக்கம் நின்றிருக்கிறேன்" என்றவர், உடனே சித்தப்பாவுக்குப் போன் போடச் சொன்னார். அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது?

பாயலேபார் மகன்:
நியூயார்க்கில், இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில். இப்போது இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம்தான், தம்பி.