எரிக்க 300 கிலோ கட்டை பத்துமா, பத்தாதா? ‘கடைசி வண்டி’ அண்ணாச்சி பதில் சொல்லட்டும்

தாராவி நெல்லையான்:
சவ வண்டி ஓட்டி இறுதிக் காரியம் ஏற்பாடு செய்யுற நம்ம ‘கடைசி வண்டி’ அண்ணாச்சி நேத்து இங்க மார் தட்டி எழுதியிருந்தாரு: "எங்க தொழில்ல யாரையும் ஏமாத்துறது கிடையாது, குடும்பம் கேட்டதைத்தான் செய்யுதோம்." வாசிச்சதுல இருந்து சோறு எறங்கல.

போன ஏப்ரல்ல எங்க பெரியப்பா தவறினாவ. பிணவறை வாசல்லயே ஒரு ஏஜென்ட் (இவரு இல்ல, வேற ஆளு) வந்து ஒட்டிக்கிட்டான். ஐஸ் பெட்டி, வண்டி, பாடை, கோடித்துணி எல்லாம் சேத்து பேக்கேஜாம். மயானத்துக்குப் போனதும் எங்க அண்ணன் காதுல ஓதுதான்: "முனிசிபாலிட்டி கட்டை பத்தாது, பாதியில அணைஞ்சிரும். பொறவு உங்க இஷ்டம்." பெத்த தகப்பன் பாதியில அணைஞ்சிருவான்னு சொன்னா எந்த மகன் பேரம் பேசுவான்? கூட 100 கிலோவுக்குத் துட்டு எண்ணி வச்சான். மும்பை மாநகராட்சி ஒரு உடலுக்கு 300 கிலோ கட்டை இலவசமாத் தருது. அதைப் பத்தி அந்த ஆளு மூச்சு விடல.

கேள்வி ஒண்ணுதான். 300 கிலோ பத்துமா, பத்தாதா?

கடைசி வண்டி:
தம்பி, பெரியப்பாவுக்கு என் அஞ்சலி. ஆனா தெரியாத விஷயத்துல வாய் விடக்கூடாது. 300 கிலோங்கிறது காஞ்ச கட்டைக்கு. ஜூலையில வந்து பாருங்க, ஈரக்கட்டை புகையுமே தவிர பிடிக்காது. 22 வருஷமா இதே வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில இருந்து உடலை இறக்கியிருக்கேன். நீங்க?

தாராவி நெல்லையான்:
ஏப்ரல்னு எழுதியிருக்கேன். ஏப்ரல்ல மும்பையில எங்க வே மழை?

முலுண்ட் ராஜா:
கட்டையே எதுக்கு? மின்சாரம் இருக்கு, கேஸ் இருக்கு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள காரியம் முடியும். விவசாயக் கழிவுல செஞ்ச கட்டியை 14 மயானத்துல எரிக்கப் போறோம்னு மாநகராட்சி 2023லயே சொல்லிடுச்சு. நீங்க இன்னும் கட்டையைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

தாராவி நெல்லையான்:
கட்டையிலதான் வைக்கணும்னு பெரியப்பா சொல்லிட்டுப் போனாவ. உம்மகிட்ட கேஸைப் பத்தி யாரு கேட்டா? 300.

முலுண்ட் ராஜா:
அது ஆளைப் பொறுத்தது. பெரியப்பா எத்தனை கிலோ?

தாராவி நெல்லையான்:
மரியாதை கெட்டுப் போகும், சொல்லிட்டேன்.

செம்பூர் மாமி:
கிலோவை விடுங்கோ. பிணவறை வாசலுக்கு அந்த ஏஜென்டை வரச்சொல்லி யார் ஃபோன் பண்ணினா? வார்டு பாய்க்குக் கமிஷன் போறதா இல்லையா? எங்காத்துல டாக்டர் சர்ட்டிஃபிகேட் கைக்கு வரதுக்கு முன்னாடியே மூணு பேர் கார்டை நீட்டினா. சவ வண்டிக்குக் கட்டணம் நிர்ணயம் பண்ணுங்கோ, ஜனங்களைச் சுரண்ட விடாதீங்கோன்னு மே 2021லயே தேசிய மனித உரிமை ஆணையம் எழுதித்து. யார் சட்டை பண்ணினா?

கடைசி வண்டி:
மாமி, அது கொரோனாவுக்கு எழுதினது. அப்போ பெத்த பிள்ளைங்களே கேட்டுக்கு வெளியே நின்னு வீடியோ கால்ல பார்த்தாங்க. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கிட்டு நாங்கதான் தொட்டோம். அன்னிக்கு ‘தெய்வம்’ன்னீங்க, இன்னிக்குக் கமிஷன் கணக்கு கேக்குறீங்க. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்குற டாக்டர் கமிஷன் வாங்கலையா? அவரு சார், நான் மட்டும் பிணந்தின்னியா? என் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கிறவங்க எனக்கு நியாயம் சொல்லித் தர்றீங்க.

தாராவி நெல்லையான்:
உம்ம வீட்டுல நான் மீன்கொழம்பே சாப்பிட்டிருக்கேன், மறந்துட்டீரா? தொட்டதுக்கு ஆயிரம் கும்பிடு. டாக்டர் வாங்குறதும் தப்புதான், அதுக்காக இது சரியாயிருமா? சேலை பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போலாம். பொணத்தைத் தூக்கிட்டு அடுத்த மயானத்துக்கா போவோம்? அழுதுக்கிட்டு நிக்கிறவனுக்குக் கணக்கு வராதுன்னு உங்க ஆளுகளுக்கு நல்லாத் தெரியும். மொதல்ல "இவ்வளவு இலவசம்"னு சொல்லணும். பொறவு கூட வேணும்னா விலையை எழுதிக் காட்டி வித்துக்கோ. இதைச் சொல்ல 22 வருஷ அனுபவம் வேண்டாம், வாய் இருந்தாப் போதும். 300 பத்துமா பத்தாதா?

கடைசி வண்டி:
போன பொங்கல் விழா சாமியானா கணக்கை இன்னும் தராதவர் தராசு பிடிக்கிறார். நல்லா இருக்கு.

தாராவி நெல்லையான்:
ரசீது மூணு தடவை போட்டாச்சு! வேணும்னா இன்னொரு தடவை போடுதேன். சாமியானாவுக்கும் கட்டைக்கும் என்ன வே சம்பந்தம்?

முலுண்ட் ராஜா:
ரெண்டாவது ரசீதுல தேதியே இல்லை. அப்பவே சொன்னேன்.

செம்பூர் மாமி:
ராஜா, உங்களுக்கு வேற வேலை இல்லையா? கமிஷனுக்குப் பதில் இன்னும் வரலை.

கடைசி வண்டி:
பதில் சொல்ல நான் ஒண்ணும் அந்த ஏஜென்ட் இல்லை. என் ரேட்டைக் கேளுங்க, சொல்றேன்.

தாராவி நெல்லையான்:
சொல்லும். இங்கயே எழுதும்.

கடைசி வண்டி:
அதெல்லாம் ஃபோன்ல.

தாராவி நெல்லையான்:
இந்தா, வந்துட்டுல்லா! புதன்கிழமை எனக்கு லீவு. தராசு நான் கொண்டாரேன், நீர் கட்டையை மட்டும் காட்டும்.

கடைசி வண்டி:
புதன் காலையில ஒரு உடல் தூத்துக்குடிக்குப் போகுது, நான் வண்டியோட போகணும். அப்படியே வந்தாலும் அன்னிக்குக் கட்டை ஈரமா இருந்தா?

தாராவி நெல்லையான்:
ஏப்ரல் வே, ஏப்ரல்!